4 மெகாபிக்சல் சிசிடிவி கேமரா நாலு, 1 டிபி டிஸ்க்: ரெக்கார்டிங் நாலு நாளுக்கு மேல் நிற்கவில்லை, ராத்திரியில் முகம் தெரியவில்லை. எந்த செட்டிங்கை மாற்றுவது?

வாசல்படி

வணக்கம். தனி வீடு. 4 மெகாபிக்சல் ஐபி புல்லட் கேமரா நான்கு, எல்லாமே 2.8 எம்எம் லென்ஸ். 8 சேனல் பிஓஇ (ஒரே கேபிளில் கரண்டும் படமும்) என்விஆர் (பதிவுப் பெட்டி), 1 டிபி ஹார்ட்டிஸ்க். ஒன்று கேட், ஒன்று போர்டிகோ, ஒன்று பின்பக்கக் கிணற்றடி, ஒன்று மொட்டை மாடிப் படி. கேட்டைப் பார்க்கும் கேமரா போர்டிகோ தூணில் 11 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேட் 7 மீட்டர்.

மாட்டியவர் வைத்துவிட்டுப் போன செட்டிங் இது: 2560×1440, 30 ஃபிரேம், எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), வேரியபிள் பிட்ரேட் (காட்சிக்கேற்ப ஏறி இறங்கும் டேட்டா அளவு), உச்சவரம்பு 6144 கேபிபிஎஸ், ஐ-ஃபிரேம் (முழுப்படம்) இடைவெளி 50, ஷட்டர் 1/30, டபிள்யூடிஆர் (வெயில், நிழல் இரண்டையும் சமன்செய்யும் வசதி) 50இல் எந்நேரமும் ஆன், 24 மணி நேர ரெக்கார்டிங். நாலு கேமராவுக்கும் இதேதான்.

பிரச்சினைகள்: ரெக்கார்டிங் நாலு நாளுக்கு மேல் நிற்பதில்லை, 15 நாளாவது வேண்டும். ராத்திரி கேட்டில் நடப்பவர் முகம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது, வண்டி நம்பர் பிளேட் வெறும் வெள்ளைக் கட்டம். போர்டிகோவில் ட்யூப்லைட் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக மேலே ஏறுகிறது. செல்போனில் லைவ் பார்த்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஹார்ட்டிஸ்க் மாற்றுவதற்கு முன் செட்டிங்கிலேயே எவ்வளவு சரிசெய்ய முடியும்?

கீழரத வீதி

சார், பட்டை ஏறுவதற்குக் காரணம் நீங்க கொடுத்த விவரத்திலேயே இருக்கு. 30 ஃபிரேம், ஷட்டர் 1/30ன்னா கேமரா 60 ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது என்டிஎஸ்சியில் ஓடுது. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். 1/30 நொடியில் அந்தத் துடிப்பு மூணேகால் சொச்சம் அடங்கும், முழு எண்ணா வராது. அதனால ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் வேற வேற இடத்தில் குறையும், அதுதான் பட்டையா நகருது. இமேஜ் செட்டிங்கில் வீடியோ ஸ்டாண்டர்டு அல்லது பவர் லைன் ஃபிரீக்வன்சி என்று இருக்கும், அதை பிஏஎல் 50 ஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. கேமரா ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் ஃபிரேம் ரேட் பட்டியலில் 30 போய் 25 வரும், ஷட்டரில் 1/25, 1/50, 1/100 வரும். முதல்ல இதைச் செய்யுங்க. மற்ற எண்களைப் போட்டுட்டு இதை மாத்தினா சில மாடல்களில் அவை டீஃபால்ட்டுக்குத் திரும்பிடும்.

இப்போ டிஸ்க் கணக்கு. ஒண்ணே ஒண்ணு மனசில் வச்சுக்கிட்டா போதும்: 1 எம்பிபிஎஸ் ஒரு நாள் முழுக்க ஓடினா 10.8 ஜிபி. உங்களுக்கு 6.144 பெருக்கல் 4, அதாவது 24.6 எம்பிபிஎஸ். ஒரு நாளைக்கு 265 ஜிபி. 1 டிபியில் மூணே முக்கால் நாள். வேரியபிள் பிட்ரேட் என்பதால் பகலில் கொஞ்சம் மிச்சமாகி நாலு நாள் நிக்குது. ஆக, டிஸ்க்கில் கோளாறு ஒண்ணும் இல்லை.

ரெசல்யூஷனைக் குறைக்காதீங்க. நிறைய பேர் முதல்ல அதைத்தான் குறைப்பாங்க. ஆனா டிஸ்க்கில் இடம் பிடிப்பது பிட்ரேட்தான். 6144 வரம்பை அப்படியே விட்டுட்டு 1080பிக்கு இறக்கினா, படம் மட்டும் சின்னதாகும், கான்ஸ்டன்ட் பிட்ரேட்டில் டிஸ்க் ஒரு ஜிபிகூட மிச்சமாகாது.

மாத்த வேண்டியது இதுதான். நாலுக்கும் எச்.265. கேட்டும் போர்டிகோவும் 15 ஃபிரேம், உச்சவரம்பு 3072. கிணற்றடி 12 ஃபிரேம், 2048. மாடிப்படி 12 ஃபிரேம், 1536. ஐ-ஃபிரேம் இடைவெளியை ஃபிரேம் ரேட்டைப் போல் இரண்டு மடங்கு வைங்க, 15க்கு 30, 12க்கு 24. இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம் கிடைக்கும், ரெக்கார்டிங்கைப் பின்னால் இழுத்துப் பார்க்கும்போது சட்டுனு நிக்கும். மொத்தம் 9728 கேபிபிஎஸ். ஒரு நாளைக்கு 105 ஜிபி, 1 டிபியில் ஒன்பதரை நாள். 15 நாளுக்கு 2 டிபி போட்டா 19 நாள் நிக்கும். இதுக்குக் கீழே கசக்கிப் பிழிய வேண்டாம், கேட் கேமராவில் படம் கட்டம் கட்டமா உடையும். டிஸ்க் வாங்கும்போது சிசிடிவிக்கென்றே வரும் வகையா பாருங்க, டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் 24 மணி நேரமும் எழுதுவதற்குச் செய்ததில்லை.

15 ஃபிரேம் குறைச்சல்னு நினைக்காதீங்க. ஆள் ஒரு நொடியில் நடப்பது ஏறக்குறைய 1.4 மீட்டர். 15 ஃபிரேமில் ஒவ்வொரு 9 சென்டிமீட்டருக்கும் ஒரு படம் இருக்கு.

செல்போனுக்கு சப் ஸ்ட்ரீம் (சின்ன அளவில் தனியா ஓடும் வீடியோ): 640×360, 10 ஃபிரேம், 512 கேபிபிஎஸ், எச்.264. இதில் மட்டும் எச்.265 வேண்டாம், பழைய போனும் பிரவுசரும் திணறும். ஆப்பில் எச்டி பட்டனை அமுக்கியே வச்சிருந்தா மெயின் ஸ்ட்ரீம்தான் போகும், நாலு சேனலையும் அப்படித் திறந்தா வீட்டு இணைப்பின் அப்லோடு தாங்காது. இன்னொண்ணு: மானிட்டரில் நாலு கட்டமா பார்க்கும்போது பெரும்பாலான என்விஆர் காட்டுவது சப் ஸ்ட்ரீம். அதைப் பார்த்து ரெக்கார்டிங் மங்கல்னு முடிவு பண்ணாதீங்க. பென்டிரைவில் எடுத்து கம்ப்யூட்டரில் நிறுத்திப் பாருங்க.

நிழல்காரன்

டிஸ்க் கணக்கு மேலே சரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ராத்திரிப் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதற்கு பிட்ரேட் மருந்தாகாது.

முகம் இழுபடுவது ஷட்டரால். 1/30 நொடி திறந்திருந்தால் நடக்கிற ஆள் அதற்குள் 4.7 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். உங்கள் கேட் 7 மீட்டரில் இருக்கிறது. 2.8 எம்எம் லென்ஸ் அங்கே ஏறக்குறைய பதினாறரை மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், ஆகவே ஒரு மீட்டருக்கு 150 பிக்சல் சொச்சம்தான். மனித முகம் 16 செ.மீ. என்று வைத்தால் மொத்த முகமே 24 பிக்சல். அதில் 7 பிக்சல் இழுவை என்றால் மிச்சம் என்ன இருக்கும்? 1/100 வைத்தால் இழுவை 2 பிக்சலாகச் சுருங்கும். 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகு கேட் கேமராவில் எக்ஸ்போஷரை மேனுவலாக்கி 1/100 வையுங்கள். மற்ற மூன்றில் 1/50 போதும்.

ஷட்டரைக் குறுக்கினால் வெளிச்சம் குறையும், கேமரா உடனே கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி ஈடுகட்டப் பார்க்கும். கெயின் ஏறினால் படமெங்கும் மணல் தூவியதுபோல நாய்ஸ். அந்த நாய்ஸ் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் கோடெக் அதை அசைவு என்று எண்ணி பிட்டை அதற்கே செலவழிக்கும். வேரியபிள் பிட்ரேட் ராத்திரியில் உச்சவரம்பில் போய் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். கெயினுக்கு 100இல் 50, 60 என்று வரம்பு வையுங்கள். 3டி நாய்ஸ் ரிடக்‌ஷனை அதன் டீஃபால்ட்டிலேயே விடுங்கள். அதை ஏற்றினால் சுவர் பளிச்சென்று இருக்கும், நடக்கிற ஆள் பேய்போல வால் விட்டுக்கொண்டு போவார். டெமோவில் காட்டுவது எப்போதும் ஆளில்லாத சுவர் என்பதால் இது பலருக்குத் தெரிவதில்லை.

குறைந்துபோன வெளிச்சத்துக்கு உண்மையான ஈடு வெளிச்சமேதான். கேட் தூணில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று, விளக்கு கேமராவைப் பார்க்காமல் வருகிறவர் முகத்தில் விழும்படி. செட்டிங்கில் எதைத் திருகினாலும் இந்த அளவு பலன் வராது.

டபிள்யூடிஆர் ராத்திரியில் ஆஃப் ஆக வேண்டும். அது குறுகிய எக்ஸ்போஷரையும் நீண்டதையும் ஒட்டி ஒரே படமாக்குவது. போர்டிகோ போல உள்ளே நிழலும் வெளியே வெயிலும் உள்ள இடத்துக்குப் பகலில் அருமை. இருட்டில் நாய்ஸைக் கூட்டி, நகரும் ஆளை இரட்டையாகக் காட்டும். இமேஜ் பக்கத்தில் பகல், இரவு என்று தனித்தனி அளவுகள் வைக்க வழி இருந்தால் பகலில் 40, இரவில் ஆஃப். மாடிப்படிக்கும் கிணற்றடிக்கும் அது எந்நேரமும் தேவையில்லை. ஹெட்லைட் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில் எச்எல்சி (கூசும் வெளிச்சத்தை மட்டும் அடக்கும் வசதி) உதவும், ஆனால் பல மாடல்களில் டபிள்யூடிஆர் ஆனில் இருக்கும்வரை எச்எல்சி மங்கிப்போய்த் தேர்ந்தெடுக்க முடியாமல் இருக்கும். அது கோளாறு அல்ல.

நம்பர் பிளேட்டை இந்தக் கேமராவில் எதிர்பார்க்க வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் உயர்பாதுகாப்பு பிளேட்டில் ஒளியை வந்த திசைக்கே திருப்பும் படலம் இருக்கிறது. கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் போய் அப்படியே லென்ஸுக்குத் திரும்புகிறது, எழுத்து அதில் கரைந்துபோகிறது. பிளேட் படிக்க ஷட்டர் 1/500 அல்லது இன்னும் குறுகலாக, நீளமான லென்ஸ், வண்டி வரும் திசையிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகாத கோணம், எல்லாம் சேர வேண்டும். அந்த ஷட்டரில் சுற்றுப்புறம் முழுக்க இருட்டு, பிளேட் மட்டும் மிதக்கும். முகத்துக்கு ஒன்று, பிளேட்டுக்கு ஒன்று என்று இரண்டு கேமரா ஆகிவிடும்.

லென்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐஇசி 62676-4 என்ற தரநிலையின் 2014 பதிப்பில் முன்பின் அறியாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சலும், தெரிந்த ஆளா என்று சொல்ல 125 பிக்சலும் வைத்திருந்தார்கள். 4 மெகாபிக்சலில் 2.8 எம்எம் அந்த 250ஐத் தருவது நாலேகால் மீட்டர் வரைதான். 4 எம்எம் ஆறு மீட்டர் வரை, 6 எம்எம் பத்து மீட்டர் வரை. உங்கள் 7 மீட்டருக்கு 6 எம்எம்தான் பொருத்தம், ஏறக்குறைய ஏழு மீட்டர் அகலம் பிடிக்கும், கேட்டுக்கு அது தாராளம். இப்போதுள்ள 2.8ஐப் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றிக்கொள்ளலாம், என்விஆரில் சேனல் மிச்சம் இருக்கிறது. உயரமும் 11 அடி வேண்டாம், எட்டரை ஒன்பது அடி போதும். மேலிருந்து பார்த்தால் தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும்.

ஸ்விட்ச்போர்டு

கீழரத வீதி அண்ணே சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட் கேமராவுக்கு மட்டும் கான்ஸ்டன்ட் பிட்ரேட் 4096 வைக்கலாம். வேரியபிளில் 3072 வரம்பு என்றால் மழை பெய்யும்போதும் ராத்திரி நாய்ஸிலும் அது முட்டி நிற்கும், சரியாக அந்த நேரத்தில் யாராவது வந்தால் முகம்தான் கட்டமாகும். ஒரு நாளைக்கு 11 ஜிபி கூடுதல். 2 டிபியில் 19 நாள் 17 ஆகும், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத இன்னொன்று, எச்.265 பக்கத்திலேயே எச்.265+ அல்லது ஸ்மார்ட் கோடெக் என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். காட்சி அசையாதபோது முழுப்படங்களின் இடைவெளியைத் தானே நீட்டிவிடும், டிஸ்க் நிறைய மிச்சமாகும். மாடிப்படிக்குப் போடுங்க. கேட்டுக்கு வேண்டாம். பின்னோக்கி இழுக்கும்போது தாவித் தாவி ஓடும், வேற பிராண்டு என்விஆரில் ஆன்விஃப் (பல பிராண்டுகளை இணைக்கும் பொது முறை) வழியாகச் சேர்த்திருந்தால் சில சமயம் படமே வராது. அதைப் போட்டதும் வேற சில ஆப்ஷன்களும் காணாமல் போகலாம்.

ராத்திரி மங்கலுக்கு செட்டிங்கில் கை வைக்கும் முன் ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்க. லென்ஸ் முன்னால் ஒட்டடை இருந்தால் ஐஆர் பட்டு வெள்ளை நூலாக ஆடும், அதை அசைவு என்று எடுத்து விடிய விடிய நோட்டிஃபிகேஷன் வரும். படத்தின் மூலையில் சன்ஷேடோ வெள்ளைச் சுவரோ கொஞ்சம் தெரிந்தாலே ஐஆர் அதில் பட்டுத் திரும்பும். கேமரா ‘வெளிச்சம் போதும்’ என்று எண்ணி எக்ஸ்போஷரைக் குறைக்கும், கேட் இருண்டுபோகும். நாலு விரல் அளவு திருப்பினால் தீர்ந்துவிடும். கண்ணாடியில் விரல் ரேகை இருந்தாலும் ராத்திரியில் மட்டும் புகை மண்டினாற்போல் தெரியும். கிட்ட வரும் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தால் ஸ்மார்ட் ஐஆரை (கிட்ட வந்தால் ஐஆரைத் தானே குறைப்பது) ஆன் பண்ணுங்க.

பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் ஏதாவது ஒரு கேமரா மட்டும் அடிக்கடி அறுந்தால் அது செட்டிங் இல்லை, கேபிள். ஐஆர் எரிந்ததும் கரண்ட் கூடுதலாக இழுக்கும். காப்பர் பூசிய அலுமினியக் கேபிளில் தடை முழுக் காப்பரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நீளமான ஓட்டத்தில் வோல்டேஜ் சரிந்து கேமரா ரீஸ்டார்ட் ஆகும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், தெரிந்தால் மாற்றுவதுதான் வழி.

பழைய டிவிஆர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கோஆக்ஸ் கேபிளில் ஓடும் 4 சேனல் டிவிஆர், 2 மெகாபிக்சல் கேமராக்கள். எல்லா செட்டிங்கும் உச்சத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் முகம் அகலவாக்கில் மங்கலாக இருக்கிறது. இதற்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா?

கீழரத வீதி

பொருந்தும், ஆனா முதல்ல ரெசல்யூஷன் பெட்டியில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. 1080என் அல்லது 1080பி லைட்னு இருந்தா அது 1920×1080 கிடையாது, 960×1080. அகலத்தில் பாதியை எறிஞ்சுட்டு, காட்டும்போது இழுத்துக் காட்டுது. நீங்க சொல்ற அறிகுறி அதுதான். பட்டியலில் முழு 1080பி இருந்தா அதை எடுங்க, ஃபிரேம் ரேட் 12 அல்லது 15க்கு இறங்கும், பரவாயில்லை. 1080பி வரிசையே இல்லைன்னா டிவிஆரின் திறன் அவ்வளவுதான், கேமராவை மாத்திப் பயனில்லை. 5 மெகாபிக்சல் லைட் என்பதிலும் இதே தந்திரம்தான்.

ஒரு கேமரா மட்டும் மற்றதைவிட ரொம்ப மோசமா இருந்தா, அதன் வயரில் தொங்கும் குட்டி பட்டனையோ ஸ்விட்சையோ பாருங்க. டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி, சிவிபிஎஸ் என்ற நாலு சிக்னல் வகையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்க அது. தவறி சிவிபிஎஸ்ஸில் விழுந்திருந்தா பழைய டிவி தரத்தில்தான் படம் வரும்.

ஸ்விட்ச்போர்டு சொன்ன கான்ஸ்டன்ட் 4096, கேட்டுக்கு நான் ஒத்துக்கறேன். ஸ்மார்ட் கோடெக் விஷயத்தில் ஒரே பிராண்டு என்விஆர், கேமரான்னா கிணற்றடிக்கும் போட்டுப் பாருங்க.

வாசல்படி

எல்லாருக்கும் நன்றி. 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் போர்டிகோ பட்டை போய்விட்டது. கேட் கேமராவுக்கு 1/100, கெயின் 55, கான்ஸ்டன்ட் 4096. பல்பு நாளை மாட்டுவார்கள். இரண்டு சந்தேகம். கிணற்றடியில் தென்னை ஓலை ஆடுவதால் மோஷன் ரெக்கார்டிங் போட்டால் நாள் முழுக்க ஓடுகிறது. அங்கே 24 மணி நேரப் பதிவை விட்டுவிட்டு மோஷனுக்கு மட்டும் வைக்கலாமா? இன்னொன்று, என்விஆர் கடிகாரம் எட்டு நிமிடம் முன்னால் ஓடுகிறது. அது முக்கியமா?

நிழல்காரன்

கிணற்றடியில் சாதாரண மோஷன் டிடெக்‌ஷனை அணைத்துவிட்டு, இருந்தால் கோடு தாண்டும் கண்டறிதலைப் போடுங்கள். இலக்கு மனிதர் மட்டும். சுவரின் ஓரத்தில் கோட்டைப் போடாதீர்கள், ஆள் முழுதாகத் தெரியும் இடத்தில், நடக்கும் திசைக்குக் குறுக்காகப் போடுங்கள். ஓலையின் நிழல் விழும் பகுதி கோட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஆள் அளவு வடிகட்டி இருந்தால், கேமரா மூடியில் ஊரும் பல்லி பெரிய உருவமாகத் தெரிவதையும் அது கழித்துவிடும். மனித வகைப்பாடு இல்லாத மாடல் என்றால் மோஷன் கட்டங்களில் ஓலைப் பகுதியை அழித்துவிட்டு சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

24 மணி நேரப் பதிவை அங்கே நிறுத்திவிடலாம். முன்பதிவு 10 நொடி, பின்பதிவு 30 நொடி வையுங்கள். ஆனால் கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் தொடர் பதிவை நிறுத்தவே வேண்டாம். கண்டறிதல் தவறவிடும் ஒரு ஆள்தான் நமக்கு வேண்டிய ஆளாக இருப்பார்.

ஸ்விட்ச்போர்டு

கடிகாரம் ரொம்ப முக்கியம். நெட்வொர்க் பக்கத்தில் என்டிபியை (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்வது) ஆன் செய்து, சர்வர் முகவரியாக பூல்.என்டிபி.ஆர்க் என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்க. நேர மண்டலம் +5:30, கோடைகால நேரம் ஆஃப். என்விஆரில் சரியானதும் நாலு கேமராவிலும் நேரம் ஒத்திருக்கா என்று தனித்தனியாகப் பாருங்க, படத்தில் பதியும் நேரம் சில மாடல்களில் கேமராவிலிருந்து வருது.

போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ கொடுக்க நேர்ந்தால் மானிட்டரைச் செல்போனில் படம்பிடித்துக் கொடுக்காதீங்க. என்விஆரில் எக்ஸ்போர்ட் போட்டு அதன் சொந்த ஃபார்மட்டில் ஒரு பிரதி, எம்பி4இல் ஒரு பிரதி எடுங்க, பிளேயரையும் சேர்த்து பென்டிரைவில் வைங்க. 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவுக்குப் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி-க்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எழுதணும். ஆகவே கோப்பை எடுத்த உடனேயே எஸ்எச்ஏ-256 ஹாஷைக் கணக்கிட்டுக் குறித்துவைங்க. எட்டு நிமிட வித்தியாசம் ஏற்கெனவே பதிவான நாட்களுக்கு இருக்கத்தான் செய்யும், சரிசெய்த தேதியையும் வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதி என்விஆர் பெட்டி மூடியில் ஒட்டிடுங்க.

நேரத்தைப் பின்னுக்கு எட்டு நிமிடம் தள்ளும்போது அந்த எட்டு நிமிடம் இரண்டு தடவை வரும், சில என்விஆரில் அதில் ஒன்று தேடலில் கிடைக்காது. அந்த நேரத்துப் பதிவு தேவை என்றால் மாற்றுவதற்கு முன்பே எடுத்துவச்சுக்குங்க.